பிரீயின் மூக்கு

1961 ஜனவரி 11, புதன்

மதியம் பதினான்கு பேர். வினிகரில் ஊறிய லீக்ஸ் தண்டு, பருப்போடு உப்புக்கண்டப் பன்றி, சாலட் இலை, சீஸ், ஆளுக்கொரு ஆப்பிள். பருப்பு குழைந்துவிட்டது. பழைய தபால்காரர் கிளோவிஸ் மட்டும், "பருப்பு இன்னைக்கு என் பல்லுக்கு மரியாதை குடுத்துச்சு, ஒதெத்" என்றார். வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நோட்டை எடுத்தது அதற்காக இல்லை.

சாப்பிட வருகிறவர்களின் துடைதுணிகள் கூடத்து அலமாரியில் இருக்கும். ஆளுக்கொரு சிறு இழுப்பறை, அதன் மேல் எண். எல்லாத் துணிக்கும் சனிக்கிழமைதான் சலவை. மெஸ் தொடங்கிய நாளிலிருந்து அம்மா வைத்த சட்டம் அது. அப்பா இறந்த வாரத்தில்கூட அவள் அதை மாற்றவில்லை. இன்று புதன். பதினோராம் எண் துணி மட்டும் தனியாகக் கொடியில் காய்ந்தது. பிறகு இஸ்திரியும் ஆனது.

ஏன் என்று கேட்டேன். "சாஸ் சிந்திடுச்சு" என்றாள்.

நேற்று நாங்கள் சாஸே வைக்கவில்லை.

ஜனவரி 12, வியாழன்

பதினோராம் எண் முசியே அம்ப்ருவாஸ். நவம்பரில் பீட்ரூட் அரவை நடந்தபோது சர்க்கரை ஆலைக்கு வந்தவர், கொதிகலன் பார்க்கிறார். நாற்பது வயதிருக்கும். அரவை முடிந்து, வெளியூரிலிருந்து வந்த மற்றவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை.

இன்று தட்டு நீட்டும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது கையை வளைத்துத் தட்டைச் சுற்றி வைத்துக்கொள்கிறார், யாரோ பிடுங்கப்போவதுபோல. சாலட் இலையை முள்கரண்டியால் மடித்து எடுக்காமல் கத்தியால் வெட்டினார். எல்லோரும் பாதி சாப்பிடும்போது இவர் தட்டு காலி.

ரொட்டியைக் குப்புற வைத்தார். கிளோவிஸ் அதைத் திருப்பி வைத்துவிட்டு, "குப்புறக் கிடக்கிற ரொட்டி தலை வெட்டறவனுக்குன்னு எடுத்து வெச்சது, முசியே. உங்களுக்குச் சொந்தக்காரனா?" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

அது எப்படி ஒருவருக்குத் தெரியாமல் இருக்கும்? நான் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே ரொட்டியைத் திருப்பி வைக்கக் கற்றுக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று. என்னை எல்லோரும் "நீ" என்கிறார்கள். இவர் "நீங்க" என்கிறார். தட்டுக் கழுவுகிற பெண்ணுக்கு எதற்கு அவ்வளவு மரியாதை?

ஜனவரி 15, ஞாயிறு

ஞாயிறு மெஸ் கிடையாது. மேசை குடும்பத்துக்கு மட்டும்: அம்மா, நான், ரயில் நிலையத் தெருவில் கறிக்கடை வைத்திருக்கும் கஸ்தோன் சித்தப்பா. இன்று நான்காவதாக ஒரு தட்டு. அம்மா என்னிடம் சொல்லவேயில்லை, நானே எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முசியே அம்ப்ருவாஸ் பூக்கொத்தோடு வந்தார். சித்தப்பா கை கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை.

கடைசியில் மூன்று ராஜாக்கள் கேக். மேசையில் இளையவர் கீழே ஒளிந்துகொண்டு ஒவ்வொரு துண்டும் யாருக்கு என்று சொல்ல வேண்டும். பதினாறு வயதிலும் நான்தான் இளையவள். எனக்கு இது பிடிக்கும். மேசைக்குக் கீழே யாரும் என்னைப் பார்க்க முடியாது. சித்தப்பாவின் காலணியில் மரத்தூள். அம்ப்ருவாஸின் காலணி கண்ணாடிபோலப் பளபளத்தது. அம்மாவின் கால் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. பயந்தால் அப்படித்தான் ஆட்டுவாள்.

கேக்குக்குள் பீங்கான் பொம்மை ஒன்று இருக்கும். கிடைத்தவர் ராஜா, காகிதக் கிரீடம் அவருக்கு. எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம். யாருக்கும் கிடைக்கவில்லை.

சித்தப்பா: "அண்ணி, பொம்மையைப் போட மறந்துட்டீங்களா, இல்ல யாராச்சும் ராஜாவையே முழுங்கிட்டாங்களா?"

அம்மா தன் கையால் வைத்ததாகச் சத்தியம் செய்தாள். கிரீடம் ரொட்டிக் கூடையிலேயே கிடந்தது.

ஜனவரி 16, திங்கள்

பொம்மை கிடைத்துவிட்டது.

பதினோராம் இழுப்பறையில், துடைதுணி மடிப்புக்குள். துணி சுற்றிய பச்சைக் குழந்தை, என் சுண்டுவிரல் நகம் அளவு. அவர்தான் எடுத்து வைத்திருக்கிறார். வாயில் கிடைத்ததை யாருக்கும் தெரியாமல் உள்ளங்கையில் மறைத்து, வாரம் முழுக்கப் பார்த்துக்கொள்ளவா?

ஒரு பீங்கான் பொம்மையை ஒளிக்கிறவர் வேறு எதையெல்லாம் ஒளிப்பார்?

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. முதலில் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.

ஜனவரி 19

வெண்ணெயைக் கத்தியால் எடுத்து நேரே வாயில் வைத்தார். எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 21, சனி

சலவை நாள். துணிகளை மடித்து அடுக்கும்போது அம்மா பதினோராம் எண்ணை என் கையிலிருந்து வாங்கி ஒன்றாம் இழுப்பறையில் வைத்தாள்.

ஒன்றாம் எண்.

அது அப்பாவுடையது. ஆறு வருடமாகக் காலி. நான்தான் அதைத் தூசி தட்டுகிறேன்.

அம்மாவே சொன்னாள்: "எத்தனை நாளைக்குடி காலியா வெச்சிருப்ப?" பிறகு உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, அவர் தன்னை மணந்துகொள்ளக் கேட்டிருப்பதாகவும், ஈஸ்டருக்கு முன் பதில் சொல்வதாகத் தான் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். "நீ சரின்னா, உன் சித்தப்பா சரின்னா. இல்லன்னா இல்ல."

எனக்குத் தெரியும்னு நினைச்சேன். தெரியாது. எனக்கு எதுவும் தெரியாது. யாருன்னே தெரியாத ஒரு ஆளுக்கு எங்கப்பா இழுப்பறை! என்னைக் கேட்டாளாம். கேட்டுட்டா வெச்சா? வெச்சுட்டுத்தானே கேட்டா?

ஜனவரி 22

அப்பா பிரீ சீஸை எடுத்தால் தட்டில் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல இருக்கும். முக்கோணத் துண்டின் ஓரமாக, மேலிருந்து முனைவரை, நீளவாக்கில். மூக்கு என்கிற அந்த முனையைத் தொடவே மாட்டார். அதுதான் வட்டச் சீஸின் நடு, இளகி வழிகிற இடம். அதை ஒருவர் வெட்டி எடுத்துவிட்டால் மற்றவர்களுக்குக் காய்ந்த ஓரம்தான் மிச்சம். எங்கள் பக்கத்தில் மூக்கை வெட்டுகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அப்பா சொல்வார். விளையாட்டாகத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 2, வியாழன்

மெழுகுவத்தித் திருநாள். மாலையில் கோதுமை மாவைக் கரைத்து மெல்லிசாகக் கிரெப் ஊற்றினோம். இடது கையில் ஒரு காசை மூடிக்கொண்டு, வலது கையால் சட்டியைச் சுண்டி அதைக் காற்றில் புரட்ட வேண்டும். கீழே விழாமல் புரண்டால் வருடம் முழுக்கக் குறை வராது. மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராகப் புரட்டினார்கள்.

முசியே அம்ப்ருவாஸின் முறை வந்தது. அம்மா காசை நீட்டினாள். அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கிளோவிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "மோர்வான்ல கிரெப் சுட்டாக் கூலி குடுப்பாங்களோ?" அம்ப்ருவாஸின் காது மடல் சிவந்தது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டியைத் தொடாமலே போய் உட்கார்ந்துகொண்டார்.

மோர்வான்தான் தன் ஊர் என்று சொல்லியிருந்தார். மோர்வானிலும் இன்று எல்லா வீட்டிலும் கிரெப்தான். பள்ளியை விட்ட எனக்கே அது தெரியும்.

பொய். எல்லாமே பொய்.

பிப்ரவரி 4, சனி

சொல்லிவிட்டேன்.

கறி வாங்கப் போனபோது கடையில் யாருமில்லை. சித்தப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் ஒரே மூச்சில் இத்தனை பேசியது இதுதான் முதல் தடவை: கை வளைப்பது, ரொட்டி, சாலட், காசு, இழுப்பறை. பொம்மையை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

சித்தப்பா கத்தியைக் கீழே வைத்தார். "தட்டைச் சுத்திக் கை வளைச்சுக் காக்கிறவன் எங்க சாப்பிட்டு வளர்ந்திருப்பான்? ஜெயில்ல. வேற எங்க?"

ஜெயில் என்றதும் பயந்தேன். ஆனால், சந்தோஷமாகவும் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு தானே ஒரு நல்ல பிரீ கொண்டுவருவதாகச் சொன்னார். "தட்டை அந்தாள் முன்னாடி முதல்ல வை. அது போதும். மனுஷன் வாயால பொய் சொல்வான், சீஸ் முன்னாடி சொல்ல முடியாது."

விருந்தாளிக்குத்தான் எப்போதும் முதலில் நீட்டுவோம். அதில் தப்பு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 9

இரண்டு நாளாக அவர் இலையை முள்கரண்டியால் மடிக்கிறார். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாரா? அப்படியானால் நான் பார்ப்பதை அவரும் பார்க்கிறார்.

பிப்ரவரி 12, ஞாயிறு

முடிந்தது.

ஆட்டுத் தொடை, வெள்ளை மொச்சை. சித்தப்பா மிக மரியாதையாக இருந்தார், ஒயினை அவரே ஊற்றினார். நான் அப்போதே பயந்தேன். சாலட் முடிந்து தட்டுகளை மாற்றினேன். சீஸ் பலகையில் ஒரே ஒரு பெரிய பிரீத் துண்டு, முனை இளகி லேசாகத் தொய்ந்திருந்தது. அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். என் கையால்.

அவர் அதை வெகு நேரம் பார்த்தார். கத்தியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு மிகக் கவனமாக மூக்கை வெட்டித் தன் தட்டில் வைத்துக்கொண்டார்.

சித்தப்பா பின்னால் சாய்ந்து சிரித்தார். "பார்த்தீங்களா அண்ணி? எங்க அண்ணன் நாற்காலியில உக்கார வந்தவரு, முதல் வேலையா மூக்கை அறுத்துட்டாரு. எந்த ஜெயில்ல முசியே இப்படிச் சாப்பிடக் கத்துக் குடுத்தாங்க?"

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை. கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதுதான் சின்னத் துண்டுன்னு நெனச்சேன்" என்றார்.

அவ்வளவுதான். துண்டைத் தொடவில்லை. எழுந்து, அம்மாவுக்கு நன்றி சொல்லி, கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். துடைதுணியை மடிக்காமல் மேசையில் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வராத விருந்தாளிதான் அப்படி விட்டுச் செல்வார். அந்த ஒரு வழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்மா தட்டுகளை அடுக்கினாள். சித்தப்பா காப்பி குடிக்காமல் போனார். நான் ஜெயித்துவிட்டேன்.

பிப்ரவரி 13

வரவில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

தவக்காலத்துக்கு முந்தைய நாள். எண்ணெயில் பொரித்த சீனிப் பணியாரம், கூடை கூடையாக. வரவில்லை.

கிளோவிஸ் தபால் நிலையத்துக்கு எதிரே உள்ள அம்ப்ருவாஸின் அறையைப் பார்த்தாராம். "சன்னலாண்ட நின்னுக்கிட்டே டப்பாலேர்ந்து மத்தி மீன் சாப்பிடறார். தனியா, நின்னுக்கிட்டு. நாய்கூட உக்காந்துதான் சாப்பிடும்." யாரும் சிரிக்கவில்லை.

"சின்னத் துண்டு." ஏன் அப்படிச் சொன்னார்? பிடிபட்டவன் அதைவிட நல்ல பொய்யைச் சொல்வான்.

பிப்ரவரி 16, வியாழன்

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பேசினாள். என்னைப் பார்க்கவில்லை.

அவர் ஜெயிலில் இருந்தவர் இல்லை. பாரிஸில் பிறந்த மூன்றாம் நாள் அனாதை விடுதி வாசலில் கிடந்தவர். அம்ப்ருவாஸ் என்பது விடுதி வைத்த பெயர், அன்றைக்கு எந்தப் புனிதரின் நாளோ அந்தப் பெயர். மோர்வானில் ஒரு பண்ணையில் வளர்க்கக் கொடுத்தார்கள். வீட்டுப் பிள்ளைகள் மேசையில். இவரும் இன்னொரு விடுதிப் பிள்ளையும் கொட்டில் பக்கத்துப் பெஞ்சில், ஆளுக்கொரு கிண்ணம், ஒரு கரண்டி. மற்றவன் பெரியவன், பிடுங்கிக்கொள்வான். கிரெப் வாசனை மட்டும் கொட்டில்வரை வருமாம்.

"சாப்பாட்டுல என்ன கெடச்சாலும் வாயைத் தொறக்கக் கூடாதாம், தொறந்தாப் போயிடுமாம். எங்கிட்ட முதல் மாசமே சொல்லிட்டார். உங்கிட்ட அவரே சொல்றேன்னார். வெட்கப்பட்டுக்கிட்டுத் தள்ளிப் போட்டுட்டே இருந்தார். அவரும் உன்ன மாதிரிதான்டி."

பிறகு, கத்தியை நிறுத்தி: "சீஸோட தோலைத்தான் அவங்களுக்குப் போடுவாங்களாம். முழுத் துண்டை வெட்டுன்னு யாரும் அவர் முன்னாடி வெச்சதே இல்ல. முனை சின்னதா இருக்கே, அதை எடுத்தாப் பேராசைன்னு நெனைக்க மாட்டாங்கன்னு..."

முடிக்கவில்லை. எழுந்து போய்விட்டாள். மீதியை நான் உரித்தேன்.

எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பதினான்கு வயதில் ஆசிரியை என்னை எழுப்பி, புத்தகத்தைத் திறந்து கையில் கொடுத்து, "படி" என்றாள். எல்லோர் முன்னாலும் எனக்குக் குரல் வராது என்று அவளுக்குத் தெரியும். வகுப்புக்கும் தெரியும். அதனால்தான் எல்லோரும் அவ்வளவு அமைதியாகக் காத்திருந்தார்கள். நான் பள்ளிக்குப் போன கடைசி நாள் அதுதான்.

பலகையை நான்தானே கொண்டுபோய் வைத்தேன்.

பிப்ரவரி 18, சனி

சலவை. ஞாயிறு விட்டுப்போன துணியை நானே துவைத்து, இஸ்திரி போட்டேன். பொம்மை பழைய பதினோராம் இழுப்பறையில் தனியாகக் கிடந்தது. துணியின் மடிப்புக்குள் வைத்து, ஒன்றாம் இழுப்பறையைத் திறந்தேன். வைத்தேன்.

பிறகு ஆலை வாசலுக்குப் போனேன். சங்கு ஊதியது. நூறு பேர் வெளியே வந்தார்கள், நூறு பேரும் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. வழியில் நீளமாக ஒன்று தயார் செய்திருந்தேன். அவர் எதிரே வந்து தொப்பியைக் கழற்றியதும் எல்லாம் போய்விட்டது.

"நாளைக்கு ஞாயிறு. பன்னிரண்டரைக்கு."

"அம்மா அனுப்பினாங்களா?"

"இல்ல."

அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "உங்க சித்தப்பா இருப்பாரா?"

"இருப்பார்" என்றேன். அதில் பொய் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 19, ஞாயிறு

பன்னிரண்டரை ஆகி ஐந்து நிமிடம் வரை அவர் வரவில்லை. பிறகு வந்தார். பூ இல்லை.

மாட்டெலும்பும் கேரட்டும் போட்டு நான்கு மணி நேரம் கொதித்த கறி. சித்தப்பா அவரைப் பார்த்ததும் பாதி எழுந்தார். அம்மா, "உக்காருங்க கஸ்தோன், சூப் ஆறுது" என்றாள். அந்தக் குரலை அப்பா காலத்தில் கேட்டிருக்கிறேன். சித்தப்பா உட்கார்ந்தார். ஆனால் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார், பல் தெரிய. மறுபடியும் பிரீ. "விருந்தாளி வருவார்னு யார் கண்டா? சும்மா நமக்குன்னு கொண்டாந்தேன்."

யாரும் நம்பவில்லை. வெளியே சொல்லவும் இல்லை. கறி, கடுகு, ஊறுகாய் வெள்ளரி. முசியே அம்ப்ருவாஸின் இடது கை மேசைமேல் விரிந்து கிடந்தது. அதை அங்கேயே வைத்திருக்க அவர் பாடுபடுவது எனக்குத் தெரிந்தது. சாலட் வந்தது, போனது.

பலகையை எடுத்து வந்தேன். மூவரும் அதையே பார்த்தார்கள். விருந்தாளிக்கு முன்னால் வைக்கவில்லை. என் இடத்தில் வைத்து, உட்கார்ந்து, கத்தியை எடுத்து, மூக்கை வெட்டினேன். கொஞ்சமாக இல்லை, இரண்டு விரல் அகலம். ரொட்டியில் வைத்து, எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டேன்.

சித்தப்பா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"ஒதெத்!" என்றார் சித்தப்பா. "உங்கப்பன் பார்த்திருந்தா..."

"நல்லா இருக்கு, சித்தப்பா" என்றேன். வாய் நிறைய சீஸ். "இத்தனை வருஷமா ஓரத்தையே சாப்பிட்டுட்டேன்."

அம்மாவின் கால் மேசைக்குக் கீழே என் காலைத் தொட்டது. நசுக்குவாள் என்று நினைத்தேன். நசுக்கவில்லை.

பலகையை முசியே அம்ப்ருவாஸ் பக்கம் தள்ளினேன். என் கத்தியை அதன் ஓரத்தில் நீளவாக்கில் வைத்தபடியே தள்ளினேன். அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓரமாக, நீளவாக்கில் ஒரு துண்டு வெட்டினார். கோணலாகத்தான் வந்தது. மேலே அகலம், கீழே நூல்.

சித்தப்பா வெகு நேரம் அந்தக் கோணல் துண்டையே பார்த்தார். பிறகு, யாரிடமும் சொல்லாததுபோல: "கத்தி மொண்ணை. நாளைக்குக் கடைக்கு அனுப்பு, தீட்டித் தரேன்."

மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன். முசியே அம்ப்ருவாஸின் துணி நான்காக மடித்து வைத்திருந்தது.

மார்ச் 5

சித்தப்பா இப்போது என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்.

ஏப்ரல் 8, சனி

ஈஸ்டர் கழிந்த முதல் சலவை. மெஸ் துணிகள் பெரிய தொட்டியில். அம்மாவுடையது, என்னுடையது, ஒன்றாம் எண், வீட்டுத் துணிகள் மூன்றும் சின்ன வாளியில்.

பீங்கான் குழந்தை வழக்கமான இடத்தில் இருந்தது. கழுவித் துடைத்து, உலர்ந்த துணிக்குள் திரும்ப வைத்தேன். நான் எடுப்பது அவருக்குத் தெரியும், தெரியும் என்பது எனக்கும் தெரியும். இதுவரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.